ஒல்லாந்துக்காரியின் வீட்டைக் கட்டினவன்

முரசுமோட்டையில் ஒரு நெல்லு மில். புளியங்குளம் சந்தியில் மேல்மாடி வைத்த முதல் கடை. கொக்கிளாய்ப் பக்கம், உப்புக்காற்றுக்கு இன்றுவரை வெடிக்காத மீன்வாடிகள். ஒரு மாதா கோயிலின் மணிக்கோபுரம். ஷெல் விழுந்து சரிந்தது, கட்டினேன், திரும்பவும் சரிந்தது, திரும்பவும் கட்டினேன். சீமெந்து ஒரு மூட்டைகூட வன்னிக்குள் வராத காலத்தில் சுண்ணாம்பும் மணலும் பனங்கட்டித் தண்ணியும் குழைத்துக் கட்டின கிணறுகள். இன்றைக்கும் சனம் அதில்தான் குளிக்கிறது. எனக்கென்று கட்டின வீடுகள் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு இடப்பெயர்வுக்கும் ஒன்று போனது.

இவ்வளவையும் ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒருத்தன் செய்தான். வரைபடம் என்று ஒரு தாளை நான் நம்பிக் கட்டியதில்லை. நிலத்தில் தடியால் கீறுவேன், அதன்மேல் வீடு வரும். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டன. கதிரையில் இருந்து எழும்புவதே ஒரு வேலையாகிவிட்டது. கட்டினவன் எவன் என்று கட்டடம் சொல்லாது. நான்தான் சொல்ல வேண்டும்.

கட்டினதிலெல்லாம் என்னைக் களைக்க வைத்தது ஒரு சின்ன வீடு. சண்டை முடிந்த பிறகு ஒல்லாந்தில் இருந்து வந்து எங்கள் கடற்கரையில் குடியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவின் வீடு.

அவாவின் புருசன் எங்கள் ஊர்க்காரன். கப்பலில் வேலைக்கென்று போனவன், ஒல்லாந்தில் இறங்கி அங்கேயே கலியாணம் முடித்து இருந்துவிட்டான். தாய் செத்ததற்கும் வரவில்லை. வர முடியாத காலம் அது. சண்டை முடிந்து சனம் முகாமில் இருந்து திரும்பின பிறகு ஒருமுறை மனிசியோடு வந்து, பற்றை மூடிக் கிடந்த தன் காணியைப் பார்த்துவிட்டுப் போனான். போன அடுத்த வருசம் அங்கே இறந்தான். அதற்குப் பிறகு ஒருநாள் அவா தனியாக வந்து இறங்கினா. எழுபதை எட்டின வயது. ஒரு பெட்டி, ஒரு தொப்பி.

ஊர்ச் சனத்துக்குச் சிரிப்பு. "ஒல்லாந்தர் திரும்பி வந்திட்டாங்கள், முல்லைத்தீவில விட்ட கோட்டையை முடிக்கப் போறாங்களாக்கும்" என்று மீன்வாடியில் கதைத்தார்கள். மூன்று மாதத்தில் ஓடிவிடுவா என்று பந்தயமும் கட்டினார்கள்.

பக்கத்துக் காணியில் இருந்த புருசனின் தங்கச்சி, அவாவுக்கு மச்சாள், சிரிக்கவில்லை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டா.

"என்ர அண்ணனை அங்க தனிய மண்ணுக்க விட்டிட்டு இஞ்ச என்ன செய்யப் போறா?"

வெள்ளைக்கார அம்மாவுக்குத் தமிழ் தெரியும். புருசனிடம் பழகின தமிழ். எங்கள் கரையின் பழைய தமிழ், மரியாதைச் சொல் ஒன்றும் கிடையாது. வேறு தமிழை அவா கேட்டதில்லை. கோயில் பாதர் வந்தாலும் "நீ இரு, தேத்தண்ணி குடி" என்றுதான் சொல்லுவா. மச்சாளுக்கும் நேராகவே பதில் சொன்னா.

"அவன் செத்த இடத்தில எனக்கு இருக்கேலாது. பிறந்த இடத்தில இருக்கிறன்."

மச்சாள் தலையை இழுத்துக்கொண்டா. அதற்குப் பிறகு கனகாலம் அவர்கள் இரண்டுபேருக்கும் கதை இல்லை.

என்னைக் கூப்பிட்டு வேலை தந்த அன்றைக்கு அவா சொன்னது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம்.

"இது என்ர கடைசி வீடு. எங்கட நாட்டில கிழடுகளை ஒரு மாளிகையில விடுறவை. நல்ல மாளிகை. நல்ல சாப்பாடு. எனக்கு வேண்டாம். நான் இதுக்க இருந்துதான் சாக வேணும். அப்பிடிக் கட்டு."

"கட்டிறன்" என்றேன். சாவதற்கென்று வீடு கேட்ட ஆளை நான் அதுவரை கண்டதில்லை.

அத்திவாரத்திலேயே சண்டை. நிலத்தோடு நிலமாக, படி இல்லாமல் வேண்டும் என்றா அவா. எங்கள் பக்கம் மாரி மழையில் கடலும் கரையை ஒட்டின களப்பு நீரும் ஒன்றாகிவிடும். நிலமட்டத்தில் வீடு வைத்தால் மீன்தான் குடியிருக்கும். அதோடு உயரமாக வைத்த வீட்டுக்குத்தான் ஊரில் மதிப்பு. நான் இடுப்பளவு உயர்த்தி, முன்னுக்குப் படி வைத்தேன். அவா வந்து பார்த்துவிட்டு, "இது கோபுரம்" என்றா. "இது வீடு, அக்கா" என்றேன். அந்தச் சண்டையில் நான் வென்றேன்.

அடுத்ததில் அவா வென்றா. தனியாக இருக்கிற பெண் என்று நினைத்து, றோட்டுப் பக்கச் சுவரில் யன்னலை மேலே தூக்கி, சின்னதாக, கம்பி நெருக்கி வைத்திருந்தேன். ஒரு பெண்ணுக்கு அதுதானே பாதுகாப்பு? அவா காலையில் வந்து பார்த்தா. சத்தம் போடவில்லை. சுத்தியலை எடுத்துத் தந்தா.

"உடை."

"ஏனக்கா?"

"என்ர ஊரில றோட்டால போறவன் என்ர மேசையைப் பாக்கலாம். யன்னலுக்குச் சீலை போடமாட்டம். எங்களிட்ட ஒளிக்க ஒண்டுமில்லை."

"இஞ்ச ஒளிக்க ஒண்டுமில்லாட்டியும் சனம் தேடும், அக்கா."

"தேடட்டும்."

உடைத்தேன். ஆள் படுக்கிற அளவுக்குப் பெரிய யன்னல். வீட்டையும் றோட்டுக்குக் கிட்ட வைக்கச் சொன்னா. முற்றத்தை விட்டுப் பின்னால் தள்ளிக் கட்டுவதுதான் எங்கள் வழக்கம். அவாவுக்கு முற்றமே வேண்டாம், றோட்டுத்தான் வேண்டும்.

அதில் நடந்த பகிடியைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஊரில் றோட்டுக்குக் கிட்ட, சீலை போடாமல், பெரிய யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு ஆள் இருந்தால் அது கடை. வேறு ஒன்றாகவும் இருக்க முடியாது. குடிபுகுந்த முதல் நாளே ஒரு மனிசி வந்து யன்னலடியில் நின்று, "அம்மா, ஒரு சவுக்காரம் தாங்கோ" என்றா. இவா உள்ளே போய், தான் குளிக்கிற சவுக்காரத்தைக் கொண்டுவந்து கொடுத்தா. அந்த மனிசி அதை மணந்து பார்த்து, "பாவிச்சதோ?" என்று கேட்டது. பிறகு ஒருவன் வந்து பீடி கேட்டான். இன்னொருவன் தலையிடிக்குப் பனடோல் கேட்டான். பனடோல் இருந்தது, கொடுத்தா. கடை இல்லை என்று தெரிந்த பிறகும் சனம் வந்தது. யன்னலில் சாய்ந்துகொண்டு கதைத்தது. மூன்று மாதப் பந்தயம் கட்டினவர்களும் அங்கேதான் தேத்தண்ணி குடித்தார்கள். அந்த யன்னலை உடைத்தவன் நான் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

பூச்சு வேலை நடந்த நாட்களில் மத்தியானம் வெய்யிலுக்கு ஒதுங்கி இருப்போம். ஒருநாள் கதவு நிலைகளைப் பொருத்திக்கொண்டிருந்தபோது அவா சொன்னா. அவா நடக்கத் தொடங்கின வயதில் அவர்களின் நாட்டிலும் பெரிய சண்டை. கடைசிக் குளிர்காலத்தில் விறகு இல்லை. தாய் வீட்டின் உள்கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எரித்தாவாம். சண்டை முடிந்த பிறகும் கனகாலம் அவர்களின் வீட்டில் அறைகளுக்குக் கதவு இல்லை.

"நீ கதவை என்ன செய்தனி?" என்று கேட்டா.

நான் சொன்னேன். நாங்கள் எரிக்கவில்லை, காவினோம். இடம்பெயரும்போது சனம் கூரைத் தகரத்தையும் நிலையையும் கதவையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனது. போகிற இடத்தில் கட்டலாம் என்ற எண்ணம். நானும் என் முதிரைமர நிலையை ஒவ்வொரு ஊராகக் காவினேன். கடைசியில் பங்கருக்கு மேலே போட்டு மண்மூட்டை அடுக்கினேன். அது அங்கேயே கிடந்தது. நாங்கள் வந்துவிட்டோம்.

அவா எழும்பிப் போய் அன்றைக்கு வைத்த கதவைத் திறந்து மூடிப் பார்த்தா. "கிறீச்சிடுது" என்றா. அவாவின் குணம் அது. நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும் ஒரே குரல்தான்.

வருசங்கள் போயின. வீசா புதுப்பிக்கக் கொழும்புக்குப் பஸ்ஸில் போய் வருவா. விடியத் தானே மீன் வாங்கப் போவா. கறிக்கு உறைப்புப் போடமாட்டா. ஒருமுறை மாரியில் களப்பு ஏறி ஊருக்குள் வந்தது. அக்கம்பக்கத்துச் சனம் எல்லாம் நான் உயர்த்தி வைத்த அந்த வீட்டில்தான் ஏறி இருந்தது. மச்சாளும் வந்தா. ஆனால் உள்ளே போகவில்லை. விறாந்தை மூலையில் கோழியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. தண்ணி கடைசிப் படி வரைக்கும் வந்து நின்றது. நான் தொடையளவு தண்ணியில் நடந்து போய் அதைப் பார்த்தேன். "பாத்தியோ அக்கா, கோபுரம்" என்றேன். "ஓம், நல்லது" என்றா. அந்தச் சொல்லுக்காக நான் எத்தனை வருசம் காத்திருந்தேன் என்று அவாவுக்குத் தெரியாது.

அந்த உயரம்தான் பிறகு எமனாக வந்தது.

போன வருசம் அவா முன்படியில் இறங்கும்போது விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டா. முல்லைத்தீவில் இருந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்ச் சத்திரசிகிச்சை செய்தார்கள். உயிருக்குப் பயமில்லை, இனி நடக்கமாட்டா, சக்கரக் கதிரைதான் என்று சொன்னார்கள். மகன் ஒல்லாந்தில் இருந்து வந்தார். நல்ல பிள்ளை. அம்பதுக்குக் கிட்ட வயது, தகப்பனின் மூக்கு. கொஞ்சம் தமிழ் இருந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். படியைப் பார்த்தார். குளிக்கிற அறை வாசலைக் கையால் அளந்தார். பிறகு படியிலேயே இருந்துவிட்டார்.

"அங்கிள், ஏலாது. நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போறன். அங்க முதியோர் இல்லத்தில இடம் எடுத்தாச்சு."

"அவா வரமாட்டா, தம்பி."

"தெரியும். ஆனா அம்மா எப்பிடி உள்ள போறது, எப்பிடி வெளிய வாறது? ஒவ்வொரு முறையும் நாலு பேர் தூக்கிறதோ? அந்த நாலு பேர் எப்பவும் இருப்பினமோ?"

அவர் கேட்டதில் பிழை இல்லை. நான் சொன்னேன், அவா ஆஸ்பத்திரியால் வெளிக்கிட முன்னம் ஒருவரும் தூக்காமல் கதிரை உள்ளே போகிற மாதிரி நான் செய்துதருகிறேன். செய்யாவிட்டால் கூட்டிக்கொண்டு போங்கோ. அவர் என் முழங்காலைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

வாசல்களை இடித்து அகலப்படுத்துவது பெரிய வேலையில்லை. குளிக்கிற அறையில் பிடித்து எழும்பக் குழாய் பதிப்பதும் அப்படித்தான். படிக்குப் பதிலாகப் போடுகிற சாய்வுதான் வில்லங்கம். அவ்வளவு உயரத்துக்கு ஒரு ஆள் கதிரையைத் தள்ளிக்கொண்டு ஏற வேண்டுமென்றால் சாய்வு மெதுவாக, நீளமாக வர வேண்டும். முன்னால் இடமில்லை, றோட்டு. பின்னால் கிணறு. மேற்கில் மலசலகூடக் குழி. மிச்சம் கிழக்குப் பக்கம். அங்கே சுவருக்கும் வேலிக்கும் இடையில் ஒரு ஆள்தான் நடக்கலாம். வேலிக்கு அந்தப் பக்கம் மச்சாளின் காணி.

எங்கள் பக்கத்தில் ஆளிடம் எதையும் கேட்கலாம், வேலியைத் தள்ளிப் போடு என்று மட்டும் கேட்கக் கூடாது. வேலிக் கதியாலை ஒரு விரல் நகர்த்தினதுக்கு அண்ணன் தம்பி வழக்காடிச் செத்த ஊர் இது. இருந்தும் போனேன். மச்சாள் முற்றத்தில் வலையை விரித்துக் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தா.

"அக்கா, கிழக்கு வேலியில ஒரு பாகம், ரெண்டு கை விரிச்ச அகலம், உங்கட பக்கம் உள்ளுக்க வேணும்."

நிமிரவில்லை. "உன்ர கை வேண்டாமெண்டால் வேலியில வை."

"அண்ணற்ற மனிசிக்குத்தானே அக்கா."

"ஆரைக் கேட்டு வீட்டை அவ்வளவு உயரத்தில வச்சனி?"

"வெள்ளத்தைக் கேட்டு வச்சனான்."

"அப்ப வெள்ளத்திட்டக் காணி கேள்."

"அந்த வெள்ளத்துக்கு நீங்களும் அங்கதானே வந்து இருந்தனீங்கள்?"

"நான் விறாந்தையிலதான் இருந்தனான். உள்ளுக்குப் போகேல்லை!" இப்போது நிமிர்ந்தா. "அவளுக்குக் காணி வேணுமெண்டால் அவள் கேக்கட்டும். நீ ஆர் இடையில?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. போனை எடுத்து, ஆஸ்பத்திரியில் நின்ற மகனின் நம்பருக்கு அடித்தேன். தாயிடம் கொடுக்கச் சொன்னேன். விசயத்தை இரண்டு சொல்லில் சொல்லிவிட்டுப் போனை மச்சாளின் காதடியில் பிடித்தேன். மச்சாளின் கையெல்லாம் மீன்.

உள்ளிருந்து அந்தக் குரல் பெலமாக வந்தது. எனக்கும் கேட்டது.

"மச்சாள், முதல் ஓமெண்டு சொல்லு. பிறகு என்னெண்டு சொல்லுறன்."

மச்சாளின் முகம் மாறினதை நான் பார்த்தேன். கருவாட்டு வலையிலேயே இருந்துவிட்டா.

"உது என்ர அண்ணன் கேக்கிற மாதிரி" என்று எனக்குச் சொன்னா, போனுக்கு இல்லை. "சின்னனில என்ர சோத்துக் கோப்பையில கிடக்கிற நெத்தலியைப் பறிக்கேக்கை உப்பிடித்தான் கேப்பான். முதல் ஓமெண்டு சொல்லு எண்டு. அச்சொட்டாய் அவன்ர இழுவை."

உள்ளே குரல் காத்துக்கொண்டிருந்தது. "சொல்லுறியோ இல்லையோ? எனக்கு ஊசி போட வருகினம்."

"ஓம்" என்றா மச்சாள். கண்ணைத் துடைக்கப் போய் மீன்கையை நினைத்து, தோளால் துடைத்தா. பிறகு என்னைப் பார்த்து, "ஒரு பாகம்தான். அதுக்கு மேல ஒரு விரற்கடை வந்தால் கட்டினதை இடிப்பன்" என்றா. கதியால்களைப் பிடுங்க என்னை விடவில்லை. கத்தியோடு தானே வந்தா.

வேலைக்கு இரண்டு பேரைப் பிடித்தேன். ஆனால் சாய்வின் மட்டத்தை நானேதான் வைத்தேன். முழங்காலில் நிற்க முடியாமல் இருந்து இருந்து நகர்ந்தேன். கொங்கிறீற் போட்ட பிறகு அது இறுக வேண்டும். அந்த வெய்யிலில் சாக்கு நனைத்து மூடி, காலையும் மாலையும் தண்ணி ஊற்ற வேண்டும். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் எழும்பமாட்டேன் என்று பயந்து, அங்கேயே அவாவின் விறாந்தையில் படுத்தேன். அப்படி ஒரு களைப்பு என் வாழ்க்கையில் இல்லை. இப்போதும் அது முழுதாக உடம்பை விட்டுப் போகவில்லை.

இறுகின பிறகு மகன் சக்கரக் கதிரையைக் கொண்டுவந்தார். வெறுங்கதிரையைத் தள்ளிப் பார்க்கப் போனார். நான் மறித்து அதில் ஏறி இருந்தேன்.

"தள்ளுங்கோ தம்பி. உங்கட அம்மா என்னைவிடப் பாரம் குறைவு."

தள்ளினார். ஏறியது. மூச்சு வாங்காமல் விறாந்தை வரைக்கும் கொண்டுபோய் விட்டார். இறக்கத்தில் கொஞ்சம் வேகமாக வந்து மச்சாளின் கோழிகளைக் கலைத்தோம். வந்ததில் இருந்து அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளை சிரித்தது. வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து, "கிழட்டு வயசில கார் ஓடுறாராக்கும்" என்று சத்தம் வந்தது.

அவா வந்தா. மகன் தள்ளிக்கொண்டு ஏறினார். ஊரே றோட்டில் நின்று பார்த்தது. மேலே போன பிறகு கதிரையைத் திருப்பச் சொல்லி, சாய்வை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தா.

"நல்லது. ஆனா நடுவில வளைஞ்சு போச்சு."

மச்சாள் தந்த ஒரு பாகத்துக்குள் அதைவிட நேராக ஒருவனாலும் கொண்டுவர முடியாது. அதை அவாவுக்குச் சொல்ல எனக்கு அன்றைக்குச் சீவன் இல்லை.

மகன் திரும்பிப் போனார், தனியாக. அவா பிறகு ஒரு மாரி முழுவதும் இருந்தா. பகலில் ஒரு பெண் வந்து பார்த்துக்கொண்டது. பின்னேரத்தில் மச்சாள் அந்தச் சாய்வால் ஏறி உள்ளே வருவா. விறாந்தையோடு நிற்கவில்லை, அறைக்குள்ளே வந்து யன்னலடியில் கதிரை போட்டு இருப்பா. பெரிய கதை ஒன்றும் இருக்காது. றோட்டால் போகிறவனைப் பார்த்து, "இவன் ஆற்ற மகன்?" என்று ஒருவர் கேட்பார், மற்றவர் சொல்லுவார். மாசியில் ஒரு விடியக்காலை, கட்டிலில், யன்னல் திறந்தபடி, போய்விட்டா. மச்சாள்தான் கண்ணை மூடிவிட்டா. பெட்டியை அந்தச் சாய்வால்தான் இறக்கினோம். சேமக்காலையில் கல்லறையையும் நான்தான் கட்டினேன். கேட்டுத் தந்த வேலையில்லை, நானாகச் செய்தது.

செத்த முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் என்று ஒரு புத்தகம் அடித்தார்கள். மகன் அனுப்பின நல்ல வழுவழுப்புத் தாள். பாதர் எழுதியிருந்தார், கோயில் சபைக்காரர் எழுதியிருந்தார், முன்னம் பந்தயம் கட்டினவன்கூட எழுதியிருந்தான். "கணவரின் மண்ணில் தன் கையால் ஒரு வீட்டைக் கட்டி வாழ்ந்தார்" என்று ஒரு இடத்தில் இருந்தது. அவா தன் கையால் செய்தது ஒன்றுதான், சுத்தியலை எடுத்து என் கையில் தந்தது. சாய்வின் படத்துக்குக் கீழே, "மகனின் அன்பில் உருவான பாதை" என்று போட்டிருந்தார்கள். மகனுக்கு அன்பு இருந்தது, நான் மறுக்கவில்லை. அன்பால் கொங்கிறீற் இறுகாது.

இப்போது அந்த வீட்டைக் கோயில் சபைக்காரர் ஊரில் நடக்க ஏலாத கிழடுகள் பகலில் வந்து இருக்கிற இடமாக ஆக்கியிருக்கிறார்கள். அதற்கு அந்த வீட்டைத் தேடிப் பிடித்த காரணம் என்ன? சாய்வு இருக்கிறது, வாசல் அகலம், பிடிக்கக் குழாய் இருக்கிறது, வெள்ளம் ஏறாது. இதெல்லாம் தானாக முளைத்ததா? சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். அவாவின் பெயர், புருசனின் பெயர், மகனின் பெயர், திறந்துவைத்தவரின் பெயர், அவரின் பதவி. திறந்துவைத்தவர் அரை மணித்தியாலம்கூட அங்கே நிற்கவில்லை.

மச்சாளிடம் கேட்டேன், உங்களுடைய காணியும்தானே, பெயர் போடச் சொல்லிக் கேட்போமா என்று. "எனக்கென்னத்துக்கு? என்ர அண்ணன்ர பேர் கிடக்குத்தானே" என்றா. அது அவாவின் விருப்பம். எனக்கு அப்படி இல்லை.

அந்தக் கல்லின் அடியில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. நான் போய்க் கையால் அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுத்து வெட்டுகிறவனுக்குக் கூலி நான் தருகிறேன், சபையிடம் கேட்கவில்லை. ஊராரே, இந்த வீட்டையும் இந்தச் சாய்வையும் கட்டினவன் என்று எழுதி, என் பெயரை வெட்டுங்கோ. பெயர் என்னவென்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் சேமக்காலைக்குப் போன பிறகு அல்ல. கண் தெரிகிற காலத்திலேயே, நான் வந்து நின்று வாசிக்க வேண்டும்.